நான்கு நிமிடம் யாரும் அசையவில்லை

விளக்கு அணைய ஐந்து நிமிடம் இருக்கும்போது புள்ளியம்மா தன் நாற்காலியைத் திரைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் அட்டை, அட்டையில் கிளிப் போட்ட இருபத்தேழு தாள்கள், கைக்கு எட்டும் இடத்தில் மூன்று பென்சில்கள், காலடியில் மங்கலாக எண் காட்டும் ஒரு சிறிய கடிகாரம். ஊரில் எல்லோரும் தியேட்டருக்குப் படம் பார்க்கப் போவார்கள். இவள் மட்டும் படம் பார்ப்பவர்களைப் பார்க்கப் போவாள். படம் வெளிவருவதற்கு முன்னால் நூறு நூற்றைம்பது பேரைச் சும்மா கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவார்கள் அல்லவா, அந்தக் காட்சிகளில் யார் எந்த இடத்தில் துள்ளினார்கள், யார் எங்கே கொட்டாவி விட்டார்கள் என்று குறித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு.

நான்கு நிமிடத்துக்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளிலும் ஐந்தாவது வரிசை முதல் பத்தாவது வரிசை வரை நடு இருக்கைகள் அறுபதும் கட்டம் கட்டமாக இருக்கும். திடுக்கிட்டால் புள்ளி. கண்ணை மூடினால் கோடு. பக்கத்து ஆளைப் பிடித்தால் வட்டம். சிரிக்கக்கூடாத இடத்தில் சிரித்தால் பெருக்கல் குறி. ஒன்றுமே செய்யாமல் இருந்தால் கட்டம் காலி. காலிக் கட்டத்துக்கு மேல் ஒரு படத்துக்கு அவமானம் கிடையாது என்பார் எடிட்டர். பதினோரு வருடமாகப் புள்ளி வைத்து வைத்து அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி வாசல் காவலாளி முதல் டைரக்டர் வரை எல்லோருக்கும் புள்ளியம்மாதான்.

இன்றைக்குப் பேய்ப்படம். பிள்ளை பிடிக்கிற பேய். அதற்கு மேல் அவளிடம் சொல்லமாட்டார்கள். கதை தெரிந்தால் பயம் வருவதற்கு முன்னாலேயே பென்சில் வந்துவிடும் என்று அப்படி ஒரு ஏற்பாடு. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கை மரம் ஏறித்தான் ஆகவேண்டும் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். இருபதுக்கு மேல் பேய்கள் அவள் முதுகுக்குப் பின்னால் கத்தியிருக்கின்றன, அழுதிருக்கின்றன, கதவைச் சாத்தியிருக்கின்றன. அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. தைரியசாலி என்று பேர். தைரியமாவது மண்ணாவது. உள்ளே ஏதாவது இருந்தால்தானே பயப்படுவதற்கு. காலை எழுந்து, குளித்து, பஸ் பிடித்து, புள்ளி வைத்து, வீடு திரும்பி, மீந்ததைச் சுடவைத்துச் சாப்பிட்டு, படுத்துக்கொள்வாள். யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்பாள். அது பொய்யும் இல்லை.

பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா உள்ளே வந்தாள். தோளில் பெரிய பை. பின்னால் குட்டி, கையில் பாப்கார்ன் பொட்டலம். அக்கா மங்கிய வெளிச்சத்துக்குக் கண்ணைப் பழக்கிக்கொண்டு இருக்கை எண்களைக் குனிந்து குனிந்து தேட, குட்டி நேராக ஏழாவது வரிசைக்குப் போய் நடுவில் உட்கார்ந்து, மூலையில் இருந்த புள்ளியம்மாவைக் கண்டுபிடித்துக் கையாட்டினாள். சித்தி என்று வாயசைத்தாள். புள்ளியம்மாவும் பென்சிலை லேசாகத் தூக்கிக் காட்டினாள். ஐந்தாம் இருக்கை அக்கா, ஆறாம் இருக்கை குட்டி. அந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்கியது புள்ளியம்மாதான். அவள் உட்கார்ந்திருக்கும் மூலையிலிருந்து தலையைத் திருப்பாமல் முழு முகமும் தெரிகிற இருக்கைகள் அந்த இரண்டும்தான்.

குட்டிக்குப் பதினாலு வயது. அவளைப் பெற்றது புள்ளியம்மா. அது குட்டிக்குத் தெரியாது.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, அதுதான் விஷயம். குழந்தைக்கு ஒன்றரை வயதில் இவளுக்குக் காசநோய் வந்தது. குழந்தையைப் பக்கத்தில் விடக்கூடாது என்றார் டாக்டர். புருஷன்காரன் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தான், அப்புறம் வரவில்லை, பிறகு எங்கேயுமே வரவில்லை. பிள்ளையில்லாத அக்கா ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். ஏழு மாதம். உடம்பு தேறி அக்கா வீட்டுக்குப் போனபோது குழந்தை இவளைப் பார்த்து வீரிட்டு அழுது அக்காவின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. புதுசா பாக்குதில்ல, நாலு நாள் போகட்டும் என்றாள் அக்கா. நாலு நாள் போயிற்று. சளி பிடித்திருக்கிறது, விடட்டும் என்றார்கள். விட்டது. பள்ளிக்கூடம் சேர்க்கிற சமயம், இப்போது இடம் மாற்றினால் பிள்ளை மிரளும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் நியாயமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் இவளும் சரி என்றுதான் சொன்னாள். கதவை உடைத்துக்கொண்டு வந்து யாராவது பிள்ளையைத் தூக்கிப் போயிருந்தால் கத்தியிருக்கலாம், போலீசுக்குப் போயிருக்கலாம். இதில் யாரிடம் போய் என்ன சொல்வது? நாலாவது வருடம் குட்டி மழலையில் சித்தி என்று கூப்பிட்டபோது எல்லோரும் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள், அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது அத்தானுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் மூன்று பேரும் போகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் இன்னும் இவள் பெயர்தான் இருக்கிறது. அக்கம்பக்கத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எப்படியோ சொல்லிச் சமாளித்தாயிற்று. அயல்நாட்டு அதிகாரியைச் சமாளிக்க முடியாதாம். பெற்றவளின் கையெழுத்தில்லாமல் பிள்ளை விமானம் ஏற முடியாது. அந்தத் தாள் அக்காவின் பைக்குள் இருக்கிறது. வீட்டுக்கே கொண்டுவரேன் என்றுதான் அக்கா போனில் சொன்னாள். வேணாம்கா, தியேட்டருக்கு வாங்க, குட்டிக்குப் படம் பாத்த மாதிரியும் ஆச்சு, முடிஞ்சதும் போட்டுத் தரேன் என்றாள் இவள். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தால் கால் மணி நேரம் இருப்பார்கள். அதிலும் குட்டியை இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போலப் பார்த்தால், என்ன சித்தி அப்படிப் பாக்கறீங்க என்று கேட்டுவிடும். இங்கே ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடம் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கலாம். அதற்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

விளக்கு அணைந்தது.

முதல் தாளில் வழக்கமான கூத்துதான். ஐந்தாம் வரிசையில் கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் பேய் வருவதற்கு முன்னாலேயே கத்திவிட்டு, வந்தபிறகு சும்மா இருந்தார்கள். எட்டாம் வரிசையில் ஒரு தொந்திக்காரர் ஒவ்வொரு தடவை துள்ளியபிறகும் தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் துள்ளவே இல்லை என்பதுபோலச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். பத்தாம் வரிசையில் ஒருவர் திரையோடு பேசுகிற ரகம். “கதவத் தொறக்காதடா, சொன்னா கேளு” என்று அவர் கெஞ்ச, பின்னால் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. “தொறந்துட்டான் பாரு” என்று மனைவியிடம் முறையிட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சரிதான். அவர் பக்கத்து இருக்கையில் கழற்றி வைத்த தன் கோட்டைப் பார்த்தே ஒருமுறை அலறினார். புள்ளி, புள்ளி, வட்டம், பெருக்கல். அவள் கை தன்பாட்டுக்கு ஓடியது.

முதுகுக்குப் பின்னால் கேட்டதை வைத்து அவளுக்குக் கதை ஒருமாதிரி பிடிபட்டது. முகமில்லாத ஒரு பெண் உருவம். சாயங்காலம் கொல்லைப்புறத்தில் வந்து நின்று, அந்தந்த வீட்டுத் தாயின் குரலிலேயே பிள்ளையைக் கூப்பிடும். பிள்ளை எழுந்து போய்விடும். ஒரு வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை போய்விடுகிறது. தாய் தேடுகிறாள். ஊரெல்லாம் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறது.

அக்கா எதற்கெடுத்தாலும் கண்ணை மூடினாள். அவள் கட்டத்தில் கோடுகளாக இருந்தன. சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கக்கூடத் தங்கையை முன்னால் விடுவாள். குட்டி அப்படி இல்லை. பயம் வருகிற இடங்களில் பாப்கார்னை வாய்வரை கொண்டுபோய் அப்படியே நிறுத்துவாள். பயம் தாண்டியதும் வாயில் போட்டு மெல்லுவாள். சிரிக்கும்போது இடது கன்னம் மட்டும் முதலில் மேலே போகிறது. புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு, எப்போது பட்டது என்று இவளுக்குத் தெரியாது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி மூடிவிட்டது. காதில் புதுத் தோடு. இவற்றையெல்லாம் குறித்துக்கொள்ள தாளில் அடையாளம் இல்லை. எதிரே இரண்டு கை தூரத்தில் இருப்பதுபோல முகம் தெரிந்தது, திரை வெளிச்சத்தில் வெள்ளையாகவும் நீலமாகவும் மாறி மாறித் தெரிந்தது. பார்த்தாள். நெஞ்சு பதறும், கண் கலங்கும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. யாரோ ஒரு நல்ல பெண்ணைப் பார்ப்பதுபோல இருந்தது. இதற்காகவா இத்தனை ஏற்பாடு செய்தோம் என்று அலுப்பாகக்கூட இருந்தது. அடுத்த தாளைப் புரட்டினாள்.

இருபத்துநாலாவது தாளைப் புரட்டியபோது கடிகாரம் தொண்ணூற்றிரண்டு காட்டியது. பின்னால் ஒரு கதவு திறக்கும் சத்தம். தாய் எப்படியோ அந்த உருவத்தின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். “கண்ணு, அம்மா வந்துட்டேன்டா” என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். பிறகு சின்னக் கால்கள் தரையில் தட்தட்டென்று ஓடுகிற சத்தம். தாயை நோக்கி ஓடுகிற சத்தம் இல்லை, தள்ளிப்போகிற சத்தம். குழந்தை வீரிட்டது. “அம்மா, அம்மா, யாரோ வந்திருக்காங்க” என்று அந்த உருவத்திடம் சொல்லி அழுதது. அந்த உருவம் முதல் தடவையாகத் தன் சொந்தக் குரலில், “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றது. சாதாரணமான குரல். கொஞ்சம் தொண்டை கட்டியிருந்தது.

புள்ளியம்மாவின் பென்சில் தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

எதற்கெடுத்தாலும் கண்ணை மூடிய அக்கா இப்போது மூடவில்லை. அவள் திரையையே பார்க்கவில்லை. மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இருட்டு, அக்காவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, ஆனாலும் நேராக இங்கேதான் பார்த்தாள். அவள் கை குட்டியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. குட்டி வாயைத் திறந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்து தாடைக்கு வந்து நின்றது, அதைத் துடைக்கவில்லை. பின்னால் தாய் குழந்தையைப் பிடித்து இழுக்கிறாள். குழந்தை கத்துகிறது. ஏதோ கிழிகிறது. பாத்திரங்கள் உருளுகின்றன. இழுத்துக்கொண்டு வெளியே ஓடுகிறாள். குழந்தையின் அழுகை தெரு நெடுகக் கேட்டுக்கொண்டே போகிறது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மற்ற ஐம்பத்தெட்டுப் பேரும் என்ன செய்தார்கள் என்று அவள் பார்க்கவே இல்லை. அழுதிருக்கலாம், கை தட்டியிருக்கலாம், எழுந்து நின்று ஆடியிருந்தால்கூட அவளுக்குத் தெரியாது. கீழே பார்த்தபோது கடிகாரம் தொண்ணூற்றாறைத் தாண்டியிருந்தது. கை பழக்கத்தில் தாளைப் புரட்டி அடுத்ததில் குறிக்க ஆரம்பித்தது.

படம் முடிந்ததும் எடிட்டர் தாள்களை வாங்கி, வராந்தாவில் ஜன்னல் வெளிச்சத்தில் நின்றபடியே புரட்டினார். பக்கத்தில் டைரக்டர், இளவயதுக்காரர், நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். இருபத்துநாலாவது தாள் வந்ததும் எடிட்டரின் கை நின்றது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“என்ன இது, மொத்தமும் காலி?”

“எந்த இடம்?” என்றார் டைரக்டர்.

“உன்னோட இடம்தான்பா. அம்மாக்காரி பிள்ளைய இழுத்துட்டு வர்ற இடம். ஒரு புள்ளி இல்ல, ஒரு வட்டம் இல்ல. நாலு நிமிஷம் ஒருத்தனும் அசையல.” எடிட்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “என்ன புள்ளியம்மா, சரிதானா இது?”

பதினோரு வருடத்தில் அவள் ஒரு கட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. அது அவருக்கும் தெரியும். தவறிவிட்டது சார், கண் வேறு பக்கம் போய்விட்டது என்று சொன்னால் போதும். நாளைக்கு இன்னொரு காட்சி போட்டு அந்த இடத்தை மட்டும் மறுபடி பார்த்துவிடுவார்கள்.

“ஆமா சார்” என்றாள். “யாரும் அசையல.”

“நான் அப்பவே சொன்னேன்” என்றார் எடிட்டர். “அந்த அம்மாக்காரி தேடிப் போறாளா, ஜன்னல் வழியா குழந்தை சிரிக்கறதப் பாக்கறாளா, அங்கயே முடிச்சிடு. இழுபறி வேணாம்.”

டைரக்டர் காலித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கம்மா அழுவாங்கன்னு நெனச்சு எடுத்தேன்” என்றார், பொதுவாக. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. தினம் நாலு காட்சி, ஊர் ஊராக, அந்தக் குழந்தையை யாரும் அப்படி இழுக்க வேண்டாம் என்று அவளுக்கு இருந்தது. அவ்வளவுதான் காரணம். பென்சில்களைப் பையில் போட்டுக்கொண்டு முன்கூடத்துக்கு நடந்தாள்.

கூட்டம் கலைந்து, துடைப்பக்காரர் ஒரு ஓரமாகப் பெருக்கத் தொடங்கியிருந்தார். தின்பண்டக் கடைக்கு எதிரே உயரமான வட்ட மேசை ஒன்றில் அக்காவும் குட்டியும் நின்றிருந்தார்கள். குட்டியின் மூக்கு நுனி இன்னும் சிவப்பாக இருந்தது.

“சித்தி, எனக்கு எத்தன புள்ளி?”

“பதினொண்ணு.”

“அம்மாவுக்கு?”

“அவளுக்குப் புள்ளி எங்க? எல்லாம் கோடு. கண்ணத் தொறந்தாத்தானே.”

குட்டி சிரித்தாள். இடது கன்னம் முதலில் போயிற்று. பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, காலிப் பொட்டலத்தைக் கசக்கிக்கொண்டே, “அந்தப் பேயி பாவம் சித்தி” என்றாள். “அது நல்லாத்தானே வெச்சிருந்துச்சு அந்தக் குழந்தைய. தலையெல்லாம் வாரி விட்டுருந்துச்சு.”

அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த அம்மாவும் பாவந்தான்” என்றாள் குட்டி. “ஆனா ஏன் அப்படி இழுக்கணும்? பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருக்கலாம்ல.”

“ம்” என்றாள் புள்ளியம்மா.

“கையெல்லாம் பிசுபிசுங்குது. கழுவிட்டு வந்துடறேன்” என்று குட்டி போனாள். அவள் கதவுக்குள் மறைந்தாள். அக்கா பையைத் திறந்து பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை எடுத்து மேசையில் விரித்தாள். விரித்தவள், அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“வேணாம்னா சொல்லிடு” என்றாள். “இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன். அவர் மட்டும் போகட்டும். நானும் அவளும் இங்கயே இருந்துக்கறோம்.”

உண்மையாகத்தான் சொன்னாள். அதுதான் கஷ்டம். அக்கா பொய் சொல்லியிருந்தால், ஒரு வார்த்தை ஏமாற்றாகப் பேசியிருந்தால், இத்தனை வருடத்தில் என்றைக்காவது ஒருநாள் கோபித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கலாம். பெற்ற மனம் பித்து என்று சொல்வார்கள். தன் மனத்தை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். பித்தும் இல்லை, கல்லும் இல்லை.

“நல்ல பள்ளிக்கூடமாக்கா அங்க?”

“நல்ல எடம்ங்கறாங்க.”

“எத்தன வருஷம்?”

“மூணு. அப்புறம் தெரியல.” அக்கா மூக்கை உறிஞ்சினாள். “அவகிட்ட சொல்லிடலாம்னு நெனச்சு நெனச்சுத்தான்டி கூட்டிட்டு வந்தேன். வழியெல்லாம் நெனச்சேன். வாயே வரல.”

“கைய எடு.”

அக்கா கையை எடுத்தாள். தாளில் எல்லாம் தட்டச்சில் இருந்தது, குட்டியின் முழுப்பெயர், பிறந்த தேதி, நேரம்கூட. கீழே இரண்டு கோடுகள். ஒன்று கையெழுத்துக்கு. அதற்கு மேலே இருந்த கோட்டை அக்கா விரலால் காட்டினாள். “உறவுன்னு போட்டிருக்கு பாரு. அதுல மட்டும் நீயே உன் கையால எழுதணுமாம்.”

புள்ளியம்மா அக்காவிடமிருந்து பேனாவை வாங்கினாள். பென்சில் பிடித்துப் பழகிய கைக்குப் பேனா வழுக்கியது. முதலில் கையெழுத்தைப் போட்டாள். பிறகு மேல் கோட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். பெற்ற தாய். ஐந்து எழுத்து. குட்டி பிறந்த அன்று ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் யாரோ ஒரு நர்ஸ் எழுதியது. தன் கையால் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதியபிறகு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மை காயவில்லை.

“அம்மா, அங்க தண்ணி சொட்டு சொட்டாத்தான் வருது” என்று குரல் கேட்டது. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி குட்டி மேசைக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தாள். அக்கா பேனா மூடியைத் தேடுவதுபோலக் கீழே குனிந்தாள். புள்ளியம்மாவின் உள்ளங்கை தானாகத் தாளின்மேல் இறங்கி அந்த ஒரு வரியை மறைத்துக்கொண்டது.

“என்ன அது, என் பேரு போட்டிருக்கு?” குட்டி தலையைச் சாய்த்து மேலிருந்து படித்தாள். கை இருக்கும் இடத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். “கைய எடுங்க சித்தி, பாக்கணும்.”

புள்ளியம்மா கையை எடுக்கவில்லை. அழுத்தவும் இல்லை. கை அங்கே இருந்தது.

குட்டிக்கு இது விளையாட்டாகத் தோன்றியிருக்க வேண்டும். இடது கன்னம் மேலே போயிற்று. மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஈரம் காயாத விரலால் சித்தியின் சுண்டுவிரலைப் பிடித்து மெல்லத் தூக்கினாள். அது தூக்கிய இடத்திலேயே நின்றது. அடுத்து மோதிரவிரல். அக்கா நிமிர்ந்துவிட்டாள், பேனா மூடி அவள் கையில்தான் இருந்தது, அவளும் தடுக்கவில்லை. குட்டி நடுவிரலைப் பிடித்தாள்.